இரட்டையர் ஆட்டத்தில் கைக்குள் சுழன்ற ராக்கெட்

வலை அருகே நின்று தட்டையாக வரும் பந்தைத் தடுக்கும்போதெல்லாம் என் ராக்கெட்டின் முகம் லேசாகத் திரும்பிவிடும். இறகுப்பந்து வலையில் சிக்கும், அல்லது எதிரணி அடித்து நொறுக்க வசதியாக உயரே எழும். பின்தளத்திலிருந்து ஸ்மாஷ் அடித்தால் ஒரு குறையும் தெரியாது.

ராக்கெட் நரம்பின் இழுவிசையை 27 பவுண்டிலிருந்து 24க்குக் குறைத்தேன். பந்து எளிதாகப் போனது, முகம் திரும்புவது நிற்கவில்லை. 4யூ எனும் எடைப் பிரிவை விட்டு, அதைவிட இலகுவான, 80 கிராமுக்கும் குறைவான 5யூ ராக்கெட்டை இரவல் வாங்கி ஆடினேன். கை வேகம் கூடியது, ஸ்மாஷின் கனம் போய்விட்டது, பழைய தொல்லையும் தொடர்ந்தது.

பிறகுதான் கைப்பிடிக்கு மேலுள்ள கூம்பைக் கவனித்தேன். அதில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பளபளப்பு. இரட்டையரில் முன்வரிசையில் நிற்பவர் பிடியை மேலே ஏற்றிப் பிடிப்பார். அப்போது கட்டைவிரல் பதிவது கிரிப் எனும் பிடிமான நாடா சுற்றாத, வழுக்கும் கூம்பின் மீது! ஒற்றையரில் இந்த இடத்துக்கு விரல் அதிகம் போகாது.

தடித்த அசல் கிரிப்பைக் கழற்றி, வழக்கமாக அதன் மேல் சுற்றும் மெல்லிய நாடாவான ஓவர்கிரிப்பை அடியிலிருந்து தொடங்கிக் கூம்பின் பாதிவரை சுற்றினேன். கழற்றியதில் எடை குறைந்து சமநிலைப் புள்ளி தலைப்பக்கம் நகர்ந்தது. சுட்டுவிரலில் ராக்கெட்டைக் கிடத்திப் பார்த்தாலே தெரியும். அடிப்பகுதியில் மட்டும் இன்னொரு சுற்று கொடுத்ததும் ஓரளவு திரும்பி வந்தது. முகம் இப்போது அசைவதில்லை, பெரிய நிம்மதி. இழுவிசையை மறுபடி 26க்கு ஏற்றிக்கொண்டேன்.