குழந்தைக்கு நன்றி கற்பிப்பது எப்படி? தண்ணீர்க் குழாயிலிருந்து தொடங்குவோம்

திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். அங்கே நன்றி என்பது பிறர் நமக்குச் செய்த நன்மையையே குறிக்கிறது. அதை அறிவதுதான் பாடம். நாமோ "மாமாவுக்கு தேங்க்ஸ் சொல்லு" என்று குழந்தையின் முதுகைத் தட்டுவதோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். மூன்று முதல் ஆறு வயதுள்ள குழந்தைகளுக்கு, அறிவதிலிருந்து தொடங்கும் முறை இது.

படி 1: ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் தண்ணீரைவிடப் பொருத்தமான பொருள் கிடையாது. பூண்டியிலும் புழலிலும் செம்பரம்பாக்கத்திலும் மழைநீர் தேங்குவது, அதைச் சுத்தம் செய்து குழாயில் விடுவது, குழாய் வறண்ட தெருவுக்கு லாரி ஓட்டி வருபவர், அந்த லாரியிலிருந்து குடம் பிடித்து மாடிவரை தூக்கி வரும் அப்பா என ஒவ்வோர் ஆளாக, நாளுக்கு ஒருவராகச் சொல்லுங்கள். 2019இல் ஏரிகள் வற்றியபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் விட்டுவிடாதீர்கள். ரயில் என்றதும் குழந்தை தானாகவே காது கொடுக்கும்.

படி 2: குழந்தையின் முன்னால் நீங்கள் முதலில் பேசுங்கள். வெறும் நன்றி போதாது. "இவ்வளவு வெயில்ல தண்ணி கொண்டுவந்தீங்களே, ரொம்ப நன்றிண்ணா" என்று செய்த உதவியையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டுக்குள் இது வேறு மாதிரி. அம்மாவிடம் நன்றி என்றால் நமக்கே ஏதோ மேடைப் பேச்சு போலிருக்கும். "சாம்பார் நல்லா இருக்கும்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து" என்பதே அங்கே போதுமானது.

படி 3: கைக்கு ஒரு வேலை கொடுங்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பொங்கல் ஊட்டுகிறோமே தவிர, அதனிடம் எவரும் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. அதுபோல, சித்திரை வெயிலில் தெருவைப் பெருக்க வரும் தூய்மைப் பணியாளருக்கு மோர்க் குவளையைக் குழந்தையே நீட்டட்டும். பாதி சிந்தினாலும் பரவாயில்லை.

"உனக்காக எவ்வளவு செய்கிறேன் தெரியுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அது கடன் வசூல். "சோறில்லாத பிள்ளைகளைப் பார்" என்பதும் குற்ற உணர்ச்சியையே வளர்க்கும் என்பது என் கருத்து.

குழந்தை வெட்கப்பட்டு உங்கள் பின்னால் ஒளிந்துகொண்டால், நீங்களே சொல்லிவிட்டு நகருங்கள். அடுத்த முறை ஒரு தலையசைப்பு வந்தால், அன்றைக்கு அது போதும்.