டபுள் பாஸைப் பெரிய வயலினாக நினைக்காதீர்கள்: ருமேனிய இசையில் நாம் சறுக்கும் இடங்கள்

வயலின் மாதிரியே தோற்றமுள்ள, ஆனால் ஆளுயரத்துக்கு நிற்கும் அடிக்குரல் கருவியான டபுள் பாஸைத் தனியாக வாசிக்கவென்றே எழுதிய உருப்படிகள் கொஞ்சம்தான், அதனால் வயலின்காரர்களிடம் கடன் வாங்கித்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. அந்தக் கடனில் சீக்கிரமே கைக்கு வருவது ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1915இல் பியானோவுக்கு எழுதி, பின்னால் வயலினுக்கும் மாற்றப்பட்ட ருமேனிய நாட்டுப்புற நடனங்கள். ஆறே ஆறு சின்ன நடனங்கள். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், செய்யக்கூடிய தவறுகளில் முக்கால்வாசியை அங்கேயே செய்தும் முடித்தேன்.

மூன்றாவது நடனம் 'பே லோக்'. வயலினில் அதை ஹார்மோனிக்கில், அதாவது தந்தியை விரலால் லேசாகத் தொட்டு எடுக்கும் ஒலியில், புல்லாங்குழல் மாதிரி சன்னமாக வாசிப்பார்கள், கேட்கவே மயக்கும். சரி, பாஸிலும் அப்படியே செய்துவிடலாம் என்று இறங்கினேன். அந்த மெட்டுக்கு வேண்டிய ஸ்வரங்களில் பல, தந்தியில் தானாகக் கிடைக்கும் ஹார்மோனிக்கில் இல்லவே இல்லை. கட்டை விரலால் தந்தியை அழுத்தி இன்னொரு விரலால் தொட்டுச் செயற்கையாக எடுக்கப் போனால், ஒரு மீட்டருக்கும் மேல் நீளமான தந்தியில் கை எட்டுவதே பெரும்பாடு. மேடையில் பாதி ஸ்வரம் கீச்சென்றது, மீதி வரவே இல்லை. இப்போது ஹார்மோனிக்கையே விட்டுவிட்டு, மேல் ஸ்தாயியில் விரலை அழுத்தி, வில்லை விரல்பலகைப் பக்கம் தள்ளி, கனமே வைக்காமல் இழுக்கிறேன். குழலின் மூச்சு அதில்தான் வருகிறது.

ஆனால் இதெல்லாம் சில்லறைத் தவறு. பெரிய தவறு எதுவென்றால், அந்த ஊர்களில் பாஸ் என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமலேயே மெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது. ருமேனியாவின் டிரான்சில்வேனியாப் பகுதியில் கிராமத்துக் குழு என்றால் பெரும்பாலும் மூன்று பேர். வயலின் மெட்டு வாசிக்கும். கோன்ட்ரா என்பது மூன்று தந்தி வயோலா, அதன் தந்திகளைத் தாங்கும் பாலம் தட்டையாக இருப்பதால் ஒரே இழுப்பில் மூன்று தந்தியும் சேர்ந்து ஒலிக்கும். அடியில் பாஸ், அதிலும் பல ஊர்களில் மூன்றே தந்தி, வில்லால்தான் வாசிப்பு. மெதுவான நடனங்களில் ஒரே வில் வீச்சுக்குள் இரண்டு துடிப்பு வரும். முதலாவது சாதாரணமாக, இரண்டாவதில் கையின் கனம் இறங்கி ஓர் அழுத்தம். அந்த இரண்டாவது அழுத்தத்தை மட்டும் ஒரே ஸ்வரத்தில் பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள், மெட்டே இல்லாமல் நடனம் கேட்க ஆரம்பிக்கும். நான் இடது கை விரல்களை வைத்து மாதக்கணக்கில் மல்லுக்கட்டினேன், விஷயம் முழுக்க வில் பிடிக்கும் கையில் இருந்தது.

தனியாக வாசிக்கும்போது அந்த மூன்று பேரின் வேலையும் உங்கள் தலையில்தான். உடனே எல்லோரும் இரட்டைத் தந்தி போட்டு நிரப்பப் பார்ப்பார்கள். கீழ் ஸ்தாயியில் மூன்றாம் ஸ்வர இடைவெளி (ஸ-க மாதிரி) போட்டால் சேறுதான், எதுவும் பிரிந்து கேட்காது. வயலினின் தந்திகள் ஐந்தாம் இடைவெளியில் (ஸ-ப) இருப்பதால் திறந்த தந்தியிலேயே ரீங்காரம் கிடைத்துவிடும், பாஸ் நான்காம் இடைவெளியில் (ஸ-ம) இருப்பதால் கிடைக்காது. இதற்குச் சுலபமான வழி, அடித் தந்தியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கிவிடுவது. டி, ஏ, டி, ஜி என்று ஆகிவிடும், அடியில் ஓர் ஐந்தாம் இடைவெளி சும்மாவே கிடைக்கும். மேலே டி தந்தியைத் திறந்துவிட்டு ஜி-யில் மெட்டு வாசிக்கலாம். அப்புறம் ஒன்று, மெட்டு சோகமாக இருக்கிறதே என்று சோகமாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டான மைனர் கார்டைத் தேடாதீர்கள். கோன்ட்ராக்காரர் அடியில் பெரும்பாலும் பளிச்சென்று ஒலிக்கும் மேஜர் கார்டுதான் போடுவார், அந்த உரசல்தான் அந்த இசையின் ருசி.

தாளத்துக்கு வருவோம். 'ஜாம்பரா' நடனம் ஏழு எண்ணிக்கை, 2+2+3. நம்மூரில் மிஸ்ர சாப்பு தட்டிப் பழகிய கைக்கு ஏழு ஒன்றும் புதிதில்லை, ஆனால் அந்த தைரியமே காலை வாரிவிடும். நமக்கு மூன்று எண்ணிக்கையான 'தகிட' முன்னால் வரும், அவர்களுக்குப் பின்னால்: தக தக தகிட. பழக்கதோஷத்தில் அழுத்தம் இடம் மாறினால் ஆடுகிறவர் கால் தடுமாறும். இந்த வகைத் தாளங்களுக்கு ருமேனிய நாட்டுப்புற இசை ஆய்வாளர் கான்ஸ்டான்டின் பிரைலோயு 1951இல் எழுதிய கட்டுரையில் துருக்கியச் சொல்லான 'அக்சாக்' என்பதையே வைத்தார், நொண்டி என்று அர்த்தம். எண்ணாதீர்கள், குட்டை, குட்டை, நெட்டை என்று நொண்டுங்கள். டிரான்சில்வேனியாவின் 'இன்வர்திதா' நடனத்தில் அந்த நெட்டை எவ்வளவு நெட்டை என்பதே எந்த முழு எண்ணிலும் சரியாக உட்காராது, சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை வைத்துப் பழகினால் அது கெட்டுத்தான் போகும்.

'டோய்னா'வில் இதற்கு நேர் எதிர்த் தவறு நடக்கிறது. தாளக்கட்டு இல்லாத பாட்டு, 2009இல் யுனெஸ்கோவின் கலாசாரப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. தாளம் இல்லை என்றதும் இஷ்டத்துக்கு இழுக்கலாம் என்று நினைத்துவிடுகிறோம். அது பேச்சு மாதிரி. சொற்கள் படபடவென்று வரும், ஒரு நீண்ட ஸ்வரத்தில் நிற்கும், மூச்சு வாங்கும். அந்த நீண்ட ஸ்வரத்தில் எடுத்த எடுப்பிலேயே விப்ரேட்டோ (விரலை ஆட்டி ஸ்வரத்தை நடுக்குவது) போடாதீர்கள், கொஞ்ச நேரம் வெறுமனே நிற்கட்டும். கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்கு இன்னொரு கண்ணி இருக்கிறது: அங்கே அடிக்கடி வரும் ஒரு ஸ்கேலின் ஸ்வரங்கள் அப்படியே நம் ஹேமவதி ராகம். தெரிந்ததும் கை தானாகக் கமகம் அசைக்கப் பார்க்கும். அங்கே அலங்காரம் என்பது ஸ்வரத்தின் தலையில் விழும் ஒரு சின்னச் சொடுக்கு, அவ்வளவுதான். ருமேனிய இசையமைப்பாளர் ஜார்ஜ் எனெஸ்கு தன் நாட்டு நாட்டுப்புறப் பாணியில் 1926இல் எழுதிய மூன்றாம் வயலின் சொனாட்டாவின் நோட்டுப் புத்தகத்தைப் பாருங்கள், சறுக்கல், கால்பங்கு ஸ்வரம், எங்கே விப்ரேட்டோ வேண்டாம் என்பது வரை எழுதியிருப்பார். வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை, படித்தாலே போதும்.

கடைசியாக, எல்லா ஊரையும் ஒரே குழம்பில் போடுவது. ருமேனியாவின் தெற்கே வலாக்கியாப் பக்கத்து 'தாராஃப்' குழுக்களில், குச்சியால் தட்டும் தந்திக் கருவியான சிம்பலம் கூடவே ஓடும், பாஸை விரலால் சுண்டுவார்கள். ருமேனியாவிலேயே கிமெஷ் பள்ளத்தாக்கில் இருக்கும் ஹங்கேரிய மக்களிடம் செல்லோ உருவத்தில் ஒரு கருவி உண்டு, அதன் தந்தியைக் குச்சியால் அடிப்பார்கள். பாஸில் வில்லின் கட்டையால் அடித்து அதை அழகாகக் கொண்டுவரலாம், நானே செய்கிறேன். வலாக்கியாவின் 'சர்பா' நடனம் ஒன்றுக்கு நடுவில் அதைச் செருகியபோதுதான், கேட்டுக்கொண்டிருந்த ருமேனிய நண்பர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.