ஊசலாடும் சிலிண்டர் எஞ்சின்: தனி வால்வு இல்லாத ஒரு குட்டி எஞ்சினைச் செய்வது எப்படி?

சிறிய மாதிரி எஞ்சின்களில் ஆர்வம் வந்தவர்கள் பெரும்பாலும் முதலில் மயங்குவது விசித்திரமான அமைப்புகளில்தான். ஸ்பிரிட் விளக்கின் சுடரைச் சிலிண்டருக்குள் இழுத்து, அது குளிரும்போது உண்டாகும் வெற்றிடத்தால் ஓடும் எஞ்சின் ஒன்று உண்டு. உள்ளங்கைச் சூட்டிலேயே சுழலும் ஸ்டிர்லிங் எஞ்சின் இன்னொன்று. இரண்டும் அழகானவை, ஆனால் கிடைக்கும் ஆற்றல் மிகச் சிறிது என்பதால், உராய்வு சற்றுக் கூடினாலும் அசைய மறுப்பவை. சுடரை இழுக்கும் எஞ்சினைத் தள்ளுவது வெளியிலுள்ள வளிமண்டல அழுத்தம்; பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சென்னையைவிட இங்கே அந்த அழுத்தம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே முதல் முயற்சிக்கு நான் பரிந்துரைப்பது, அமைப்பில் அதே அளவுக்கு விநோதமும் நடத்தையில் அதிகப் பொறுமையும் உள்ள ஊசலாடும் சிலிண்டர் எஞ்சின். நீராவி எஞ்சின் வகையைச் சேர்ந்த இதை நாம் அழுத்தக் காற்றில் ஓட்டப்போகிறோம். ஆங்கிலம் பேசும் பொழுதுபோக்காளர்கள் இதை ‘வாப்ளர்’ என்பார்கள்.

இது எப்படி இயங்குகிறது

வழக்கமான நீராவி எஞ்சினில் சிலிண்டர் அசையாது. பிஸ்டன் தண்டுக்கும், நேர் அசைவைச் சுழற்சியாக மாற்றும் கிராங்குக்கும் நடுவே ஓர் இணைப்புத் தண்டு இருக்கும். நீராவியை உள்ளே விடவும் வெளியேற்றவும் தனியாக ஒரு வால்வும் அதை ஓட்டும் உறுப்புகளும் வேண்டும். ஊசலாடும் சிலிண்டரில் பிஸ்டன் தண்டு நேராகக் கிராங்க் முளையிலேயே (கிராங்கின் மையத்திலிருந்து தள்ளி நிற்கும் ஆணி) மாட்டப்படுகிறது. கிராங்க் சுற்றும்போது தண்டு பக்கவாட்டில் நகர வேண்டியிருப்பதால், நடுவில் ஓர் அச்சாணியில் தொங்கும் சிலிண்டர் முழுவதுமே இடமும் வலமும் ஆடுகிறது. அந்த ஆட்டமே வால்வின் வேலையைச் செய்கிறது: சிலிண்டரின் தட்டையான முகத்தில் ஒரு துளை, அது உரசி ஆடும் நிலைத்தகட்டில் இரண்டு துளைகள். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டரின் துளை உள்வரும் துளையின்மீது வந்து நிற்கும். மேலே ஏறும்போது வெளியேறும் துளையின்மீது நிற்கும். நடுவில் நிற்கும்போது இரண்டும் மூடியிருக்கும்.

இது பொம்மைகளுக்கு மட்டும் உரிய உத்தி அன்று. 1858-இல் நீரில் இறக்கப்பட்ட ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலின் துடுப்புச் சக்கரங்களை ஓட்டியவை, 74 அங்குல விட்டமும் 14 அடி வீச்சும் (பிஸ்டன் நகரும் தொலைவு) கொண்ட நான்கு ஊசலாடும் சிலிண்டர்கள். ஜெர்மனியின் எல்பே நதியில் ஓடும் ‘டீஸ்பார்’ என்ற துடுப்புச் சக்கர நீராவிக் கப்பலில், லண்டனில் ஜான் பென் நிறுவனம் 1841-இல் செய்த ஊசலாடும் எஞ்சின் இருக்கிறது. அந்தப் பெரிய எஞ்சின்களில் தனி வால்வுகள் இருந்தன, நீராவி அச்சாணிகளின் உள்ளே இருந்த குழல் வழியாக வந்தது. முகத்தோடு முகம் உரசி அடைக்கும் எளிய முறை, அழுத்தம் குறைவாக உள்ள சிறிய எஞ்சின்களுக்கே பொருந்தும்.

இதிலிருந்து ஒரு முடிவு கிடைக்கிறது. இந்த எஞ்சினில் துல்லியம் எல்லா இடத்திலும் தேவையில்லை. ஒரு தட்டை முகமும் மூன்று துளைகளின் இடமும் சரியாக இருந்தால் ஃப்ளைவீல் (சுழற்சியைச் சீராக வைக்கும் கனத்த சக்கரம்) சற்றுக் கோணலாக இருந்தாலும் எஞ்சின் ஓடும். அவை தவறினால் மற்றவை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் ஓடாது. இந்தக் குறிப்பும் அந்த இடங்களிலேயே அதிகம் நிற்கும்.

அளவுகள்

பிஸ்டன் விட்டம் 8 மி.மீ., கிராங்க் ஆரம் 8 மி.மீ., ஆகவே வீச்சு 16 மி.மீ. அச்சாணியிலிருந்து கிராங்க் தண்டின் மையம் வரை 40 மி.மீ.; அச்சாணியிலிருந்து சிலிண்டரின் துளை வரை 14 மி.மீ. கிராங்க் ஆரத்தை 40-ஆல் வகுத்தால் ஐந்தில் ஒரு பங்கு வருகிறது. சிலிண்டர் முழுவதும் சாய்ந்த நிலையில் துளை நடுக்கோட்டிலிருந்து விலகும் தொலைவும் 14-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 2.8 மி.மீ. நிலைத்தகட்டின் இரண்டு துளைகளும் நடுக்கோட்டுக்கு இருபுறமும் அந்தத் தொலைவில்தான் அமைய வேண்டும். எல்லாத் துளைகளும் 2.5 மி.மீ. விட்டம் என்றால், சிலிண்டர் நடுவில் நிற்கும்போது ஒவ்வொரு பக்கமும் 0.3 மி.மீ. மூடல் மிஞ்சும். துளையை 3 மி.மீ. ஆக்கினால் காற்று தாராளமாகப் போகுமே என்று தோன்றும். ஆனால் அப்போது இரண்டு துளைகளும் ஒரே நேரத்தில் திறந்து, காற்று எந்த வேலையும் செய்யாமல் நேராக வெளியேறிவிடும். எஞ்சினை வேறு அளவில் செய்ய நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கவும்.

பொருள்கள்

16 மி.மீ. சதுரப் பித்தளைக் கட்டை 38 மி.மீ. நீளம், நிலைத்தகட்டுக்கு 6 மி.மீ. கனமுள்ள எம்.எஸ். (மென் எஃகு) தகடு 50-க்கு 100 மி.மீ., 8 மி.மீ. மற்றும் 5 மி.மீ. கிரைண்ட் செய்த எஃகு ராடு, 3 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ராடு, ஃப்ளைவீலுக்கு 50 மி.மீ. விட்டமும் 12 மி.மீ. கனமும் உள்ள எஃகு வட்டு, சிறிது பித்தளை உருளை. பெங்களூருவில் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை; எஸ்.பி. ரோட்டிலும் கலாசிபாளையத்தின் ஹார்டுவேர் கடைகளிலும் துண்டு ராடுகளை எடைக்கு வாங்கலாம். லேத் இல்லாதவர்கள் சிலிண்டரையும் ஃப்ளைவீலையும் மட்டும் பீன்யா பக்கத்திலுள்ள சிறு பட்டறை ஒன்றில் கொடுத்துவிட்டு, மற்றதை வீட்டில் ட்ரில் ஸ்டாண்டை வைத்தே முடிக்கலாம். வாயால் சொல்லாமல், அளவுகளை மி.மீட்டரில் எழுதிய படத்தோடு கொடுங்கள்.

சிலிண்டர்

கட்டையை லேத்தின் நான்கு தாடைச் சக்கில் (பிடிப்பானில்) பிடித்து, மையத்திலிருந்து 1 மி.மீ. தள்ளித் துளையிட வேண்டும். அப்போது ஒரு பக்கச் சுவர் 5 மி.மீ., எதிர்ச் சுவர் 3 மி.மீ. ஆகும், தடித்த பக்கமே உரசும் முகம், அச்சாணி திருகுவதற்கான இடமும் அதுவே. முதலில் 7.8 மி.மீ. ட்ரில், பிறகு 8 மி.மீ. ரீமர் (துளையைத் துல்லிய அளவுக்கு விரிக்கும் கருவி), இரண்டையும் கட்டையின் முழு நீளத்துக்கும் ஊடுருவச் செலுத்தவும். ஒரு முனை மூடிய குழியில் ரீமர் அடிவரை போகாது என்பதால்தான் இப்படி. மேல் முனையை 4 மி.மீ. நீளப் பித்தளை மூடியால் பிறகு அடைக்கலாம். காற்றில் மட்டும் ஓட்டுவதானால் லாக்டைட் 638 என்ற உலோகப் பசை போதும். நீராவிக்கு வெள்ளிப் பற்றவைப்பு அவசியம்.

8 மி.மீ. கிரைண்ட் ராடு, ரீமர் போட்ட துளைக்குள் பெரும்பாலும் கடைசல் வேலை இல்லாமலேயே பொருந்தும். எண்ணெய் தடவிய ராடைத் துளையில் விட்டு, மேல் முனையை விரலால் மூடி இழுத்தால், அது பின்னோக்கி இழுபட வேண்டும்.

மூன்று துளைத் தகடு

துளைகளைக் காலிப்பரால் குறித்துப் பஞ்ச் அடித்து ட்ரில் செய்தால், புதியவர் கையில் அரை மி.மீ. பிசகுவது இயல்பு, இங்கே நம்மிடம் உள்ள இடைவெளியோ 0.3 மி.மீ. தான். ஆகவே ஒரு வழிகாட்டித் தகடு செய்துகொள்வது நல்லது. 1.5 மி.மீ. கனமுள்ள எஃகுப் பட்டையில் ஒரே நேர்கோட்டில் மூன்று 2.5 மி.மீ. துளைகள் இடவும். நடுத்துளை அச்சாணிக்கு, அதிலிருந்து ஒரு பக்கம் 14 மி.மீ. தொலைவில் காற்றுத் துளைக்கு, மறுபக்கம் 39.2 மி.மீ. தொலைவில் கிராங்க் முளைக்கு. 39.2 என்பது, சிலிண்டர் உச்சமாகச் சாய்ந்திருக்கும்போது அச்சாணிக்கும் முளைக்கும் உள்ள தொலைவு: 40-இன் வர்க்கத்திலிருந்து 8-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் வருவது.

முதலில் வழிகாட்டித் தகட்டைச் சிலிண்டர் முகத்தின் நடுக்கோட்டில் கிளாம்ப் செய்து, மேல் முனையிலிருந்து 5.5 மி.மீ. தொலைவில் காற்றுத் துளையைச் சிலிண்டருக்குள் திறக்கும்வரை இடவும். அதில் ஒரு 2.5 மி.மீ. ட்ரில்லின் தண்டைச் செருகி நிறுத்திவிட்டு, அச்சாணித் துளையை 4 மி.மீ. ஆழத்துக்கு மட்டும் இடவும். சிலிண்டருக்குள் உடைத்துக்கொண்டு போகக் கூடாது. எம்3 டேப்புக்கு (3 மி.மீ. மரை வெட்டும் கருவி) வேண்டிய துளையும் 2.5 மி.மீ. என்பது நமக்கு வசதி. டேப் சிறிதும் சாயாமல் செங்குத்தாக இறங்க வேண்டும். அதை ட்ரில் சக்கிலேயே பிடித்துக் கையால் திருப்பித் தொடங்குவது பாதுகாப்பு.

பிறகு வழிகாட்டியின் நடுத்துளையையும் முளைத் துளையையும் 3 மி.மீ. ஆக்கவும். நிலைத்தகடாகும் எம்.எஸ். தகட்டில் அடியிலிருந்து 35 மி.மீ. உயரத்தில் கிராங்க் தண்டின் புஷ்ஷுக்கு (தண்டு சுழலும் பித்தளைக் குழல்) 8 மி.மீ. துளையும், 75 மி.மீ. உயரத்தில் அச்சாணிக்கு 3 மி.மீ. துளையும் இடவும். புஷ்ஷைத் தகட்டின் முகத்தோடு சமமாகப் பொருத்தி, 5 மி.மீ. தண்டைச் செருகவும். அந்தத் தண்டில், 8 மி.மீ. இடைவெளியில் 5 மற்றும் 3 மி.மீ. துளைகள் உள்ள ஒரு சிறு பட்டையைத் தற்காலிகக் கிராங்காக மாட்டவும். இப்போது வழிகாட்டியை அச்சாணித் துளையில் ஒரு 3 மி.மீ. ஆணியால் நிறுத்தி, அதன் கீழ்த் துளையையும் தற்காலிகக் கிராங்கின் துளையையும் இன்னோர் ஆணியால் இணைத்தால், மேல் துளை உச்சச் சாய்வில் தானாகவே வந்து நிற்கும். அதன் வழியே 2.5 மி.மீ. துளை, கிராங்கை மறுபக்கம் திருப்பி மீண்டும் ஒரு துளை. கிராங்கின் ஆரம் நூலளவு பிசகியிருந்தாலும் இரண்டு துளைகளும் ஒன்றுக்கொன்று சமச்சீராகவே விழும் என்பதுதான் இந்த முறையின் சிறப்பு. தகட்டின் பின்புறமிருந்து இரண்டு துளைகளையும் 4 மி.மீ. ஆழத்துக்கு 4 மி.மீ. விட்டமாக அகலப்படுத்தினால், குழாயைச் செருகி ஒட்ட இடம் கிடைக்கும்.

பிஸ்டன், கிராங்க், ஃப்ளைவீல்

8 மி.மீ. ராடில் 12 மி.மீ. நீளம் வெட்டி, சுற்றிலும் எண்ணெய் தங்க இரண்டு மெல்லிய காடிகள் இழைத்து, அடிப்பகுதியில் எம்3 மரை போட்டால் பிஸ்டன் தயார். 3 மி.மீ. தண்டின் இரு முனைகளிலும் எம்3 மரை. கீழ் முனையில் 3 மி.மீ. துளையிட்ட ஒரு பித்தளைத் துண்டு. பிஸ்டனின் தலையிலிருந்து கிராங்க் முளையின் மையம் வரை 44.5 மி.மீ. வரும்படி மரையில் சரிசெய்யவும். கிராங்க் வட்டு 22 மி.மீ. விட்டம், 5 மி.மீ. கனம், மையத்திலிருந்து 8 மி.மீ. தொலைவில் 3 மி.மீ. எஃகு முளை. ஃப்ளைவீலை ஒரு கிரப் ஸ்க்ரூவால் (தலையில்லாத சிறு திருகு) நிறுத்தினால் போதும்.

முகத்தைத் தேய்த்துச் சமமாக்குதல்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது. துளைகளின் விளிம்பில் எழும்பியுள்ள பிசிறைப் பெரிய ட்ரில் ஒன்றைக் கையால் சுற்றி நீக்கவும். சிலிண்டர் முகத்தில் அச்சாணியைச் சுற்றியுள்ள பகுதியை 0.3 மி.மீ. அளவுக்குத் தாழ்த்திவிட்டால், மேல் பகுதியும் கீழ் விளிம்பும் மட்டுமே தகட்டில் படும். உராய்வு குறையும், முகம் நடுவில் முட்டி ஆடாது. தடித்த கண்ணாடித் துண்டின்மேல் 400 எண் நீர் எமரித் தாளை விரித்து, மண்ணெண்ணெய் சில துளி விட்டு, சிலிண்டரை எட்டு வடிவில் தேய்க்கவும். அழுத்த வேண்டாம், அழுத்தினால் விளிம்புகள் உருண்டுவிடும். முகம் முழுவதையும் மார்க்கர் மையால் கறுப்பாக்கிவிட்டு நாலைந்து முறை தேய்த்துப் பார்த்தால், எங்கே மை மிஞ்சுகிறதோ அங்கே பள்ளம். தாழ்த்திய பகுதி நீங்கலாக எங்கும் ஒரே சீராக மை போகும்வரை தொடர்ந்து, 800, 1200 எண் தாள்களில் முடிக்கவும். நிலைத்தகட்டையும் இவ்வாறே செய்து, இரண்டையும் சோப்பு நீரில் கழுவவும். எமரித் துகள் ஒன்று தங்கினாலும் அது முகத்தைக் கீறிக்கொண்டே இருக்கும்.

பூட்டுவதும் ஓட்டுவதும்

அச்சாணித் திருகைச் சிலிண்டரில் லாக்டைட் போட்டு இறுக்கி, தகட்டின் வழியே செலுத்தி, பின்புறம் ஒரு ஸ்பிரிங்கும் நட்டும் போடவும். பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங் இதற்குப் போதும். 1 பார் (ஏறத்தாழ ஒரு வளிமண்டல) அழுத்தத்தில் காற்று அந்தத் துளையின் வழியே முகத்தைத் தள்ளும் விசை அரை நியூட்டன் அளவுதான். ஆனால் பிஸ்டனின் மேல் 5 நியூட்டன், அதாவது அரைக் கிலோ எடை, இறங்குகிறது. புதியவர்கள் கசிவைக் கண்டு ஸ்பிரிங்கை இறுக்கிக்கொண்டே போவார்கள், எஞ்சின் நின்றுவிடும். கசிவுக்கு மருந்து தேய்ப்பில்தான் இருக்கிறது, நட்டில் இல்லை.

தையல் மிஷின் எண்ணெயை முகத்திலும் பிஸ்டனிலும் விட்டு, கையால் சுற்றிப் பார்க்கவும். காற்றுக்கு, அழுத்தத்தைக் குறைத்து வைக்கக்கூடிய ஏர்பிரஷ் கம்ப்ரஸர் சிறந்தது. வீட்டில் பயன்படாமல் கிடக்கும் பழைய நெபுலைசர் பம்பும் போதும். எண்ணெய் பட்டபின் அதை மீண்டும் நோயாளிக்குப் பயன்படுத்தக் கூடாது. அரை பாரில் தொடங்கி, ஃப்ளைவீலை விரலால் ஒருமுறை சுண்டிவிடவும். ஒரே பக்கம் காற்று தள்ளும் எஞ்சின் என்பதால், மேல், கீழ் உச்சங்களில் மட்டுமல்ல, பிஸ்டன் மேலே ஏறும் பாதியிலும் அது தானாகப் புறப்படாது.

ஓடவில்லையென்றால், குழாயைக் கழற்றிவிட்டு மெல்லச் சுற்றிப் பார்க்கவும். ஒரே இடத்தில் சிக்கினால் கிராங்க் முளை சாய்ந்திருக்கிறது. மேல் உச்சத்தில் ‘டக்’ என்று முட்டினால் பிஸ்டன் தண்டை ஒரு சுற்று உள்ளே திருகவும். எங்கும் சிக்காமல், காற்று விட்டதும் இடைவிடாமல் சீறினால் முகத்தை மீண்டும் மார்க்கர் மையில் சோதிக்கவும்.

‘நீராவியில் ஓட்டலாமே, வீட்டில் குக்கர் இருக்கிறதே’ என்ற யோசனை நம் வீடுகளில் கட்டாயம் எழும். வேண்டாம். குக்கரின் வெயிட் வால்வைக் கழற்றி அந்த இடத்தில் குழாய் மாட்டினால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மை வழியையே நீக்கியதாகிவிடும். சோதிக்கப்பட்ட கொதிகலனும் பாதுகாப்பு வால்வும் இல்லாமல் நீராவிப் பக்கம் போகக் கூடாது.

சிலிண்டர் உங்களை நோக்கி, கிராங்குக்கு மேலே இருக்கும்படி வைத்து, இடத் துளையில் காற்றை விட்டால் எஞ்சின் வலஞ்சுழியாக ஓடும். குழாயை வலத் துளைக்கு மாற்றிச் சுண்டிவிட்டால், வேறெதையும் தொடாமலேயே இடஞ்சுழியாக ஓடும்.