பயிற்சி மதிப்பீட்டாளரும் மூத்தவரின் கையெழுத்தும்: எல்லைப் பகுதியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் வழியாகக் கேரளத்துக்குள் போனால் தென்னை மாறாது, பேச்சும் அதிகம் மாறாது. சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறையும் எருத்தேம்பதியும் வடகரப்பதியும் தமிழ் புழங்கும் ஊர்கள்தான். ஆனால் நில ஆவணம் அடியோடு மாறிவிடும். இந்த எல்லையின் இருபுறமும் மனைக்கும் தோப்புக்கும் வீட்டுக்கும் மதிப்பீடு எழுதுகிறேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் சிவில் பட்டதாரிகளுக்கும், அவர்களை வைத்து வேலை வாங்கும் என் போன்றவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். ஏனென்றால் பயிற்சி பெறுபவரின் தவறுகளில் பாதி எங்களிடம்தான் தொடங்குகின்றன.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, தான் போகாத இடத்துக்கு மூத்தவர் கையெழுத்துப் போடுவது. நானே செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எல்லைக்கு அந்தப்புறம், வங்கிக் கடனுக்காக ஒரு மனையை மதிப்பிடும் வேலை வந்தது. பயிற்சியில் சேர்ந்து நான்கு மாதமே ஆன தம்பியைத் தனியாக அனுப்பிவிட்டேன். கெட்டிக்காரன், மலையாளமும் எழுத்துக்கூட்டிப் படிப்பான். டேப் பிடித்து அளந்தான், செக்குபந்தியை, அதாவது நான்கு எல்லைகளைச் சரிபார்த்தான், நான்கு மூலையிலும் படம் எடுத்தான். ஆவணத்தில் 8.09 ஆர் (ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர்) என்றிருந்ததை 20 சென்ட் என்று பிழையில்லாமல் மாற்றினான். இடத்தில் காய்த்து நிற்கும் தென்னை, இரண்டு பக்கமும் ஓட்டு வீடுகள். வீட்டுமனை விலையைப் போட்டு அறிக்கையைக் கொண்டுவந்தான். நான் பெருக்கல் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டேன்.

கிராம அலுவலகத்தின் அடிப்படை வரிப் பதிவேட்டில் அந்த இடத்தின் வகை 'நிலம்' என்று இருந்தது. அவன் அதைப் படித்தான். நிலம் என்றால் நிலம்தானே என்று கடந்துவிட்டான். கேரள வருவாய்ப் பதிவேட்டில் அந்தச் சொல்லுக்கு நெல் விளையும் நஞ்சை என்று பொருள். மேட்டுப்பாங்கான தோட்டமும் வீட்டுமனையும் 'புரையிடம்' என்றே எழுதப்பட்டிருக்கும். தென்னை நட்டுவிட்டதால் பதிவேட்டில் வகை மாறிவிடாது. கேரளத்தில் 2008-ஆம் ஆண்டின் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் தயாரித்த நெல்வயல், ஈரநிலத் தரவுப் பட்டியலில் அந்த இடம் இருந்தால் வீடு கட்டுவது மிகக் கடினம். பட்டியலில் இல்லாவிட்டாலும், பதிவேட்டில் நிலம் என்று இருக்கும்வரை வருவாய்த் துறையிடம் விண்ணப்பித்துத்தான் வகையை மாற்ற வேண்டும். இரண்டு நிலையிலும் பக்கத்துப் புரையிடத்தின் சென்ட் விலையை இதற்குப் போட முடியாது. வங்கியின் வழக்கறிஞர் இதைக் கண்டுபிடித்தார், நான் அறிக்கையைத் திரும்பப் பெற்றேன். வாங்க வந்தவரோ அதற்குள் முன்பணம் கொடுத்திருந்தார். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அந்தத் தம்பியை நான் கடிந்துகொள்ளவில்லை. அவனுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டியவன் நான்.

அமெரிக்காவில் இதற்குத் தெளிவான விதியே வைத்திருக்கிறார்கள். அங்கே பயிற்சி பெறுபவர் தனியாகச் சொத்தைப் பார்க்கத் தகுதி பெறும்வரை, மேற்பார்வையாளரும் உடன் சென்று பார்த்தாக வேண்டும். மேற்பார்வையாளர் குறைந்தது 3 ஆண்டுகளாகச் சான்று பெற்ற மதிப்பீட்டாளராக இருக்க வேண்டும். பொதுவாக ஒரே நேரத்தில் பயிற்சி பெறுபவர்களை 3 பேருக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. சில மாநிலங்களில் கட்டுப்பாடு இன்னும் கடுமை. இந்த மூன்று என்ற எண்ணிக்கை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆறேழு பேரை வெவ்வேறு திசைக்கு அனுப்பிவிட்டு மாலையில் கையெழுத்து மட்டும் போடுகிறவரால் யாருக்கும் எதையும் கற்றுத்தர முடியாது.

நம் நாட்டில் 2017-ஆம் ஆண்டின் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகளின்படி, நிலம்-கட்டட வகையில் பதிவு பெறச் சிவில், கட்டடக்கலை, நகரமைப்பு ஆகியவற்றில் ஒரு பட்டமும் அதன்பின் 5 ஆண்டு அனுபவமும் வேண்டும். முதுகலைப் பட்டம் என்றால் 3 ஆண்டு போதும். பிறகு 50 மணி நேரப் பயிற்சி வகுப்பும் தேர்வும் உண்டு. வங்கிகள் தங்கள் பட்டியலில் சேர்க்க வைத்திருக்கும் நிபந்தனைகள் தனி.

இந்த அனுபவக் காலத்தை ஏட்டில் பதிவதில்தான் அடுத்த தவறு நடக்கிறது. சான்று கேட்கும் நாளில் மூன்று வருட வேலையை ஒரே இரவில் நினைவிலிருந்து எழுதுகிறார்கள். மை ஒரே நிறம், கையெழுத்தும் ஒரே சாய்வு. அமெரிக்காவில் பயிற்சிக்கால அனுபவத்தைக் குறிக்கும் பதிவேட்டில் சொத்தின் வகை, முகவரி, அறிக்கைத் தேதி, பயிற்சி பெறுபவர் செய்த வேலை, மூத்தவர் சரிபார்த்த அளவு, செலவான மணி நேரம் எல்லாம் இடம்பெற வேண்டும். மேற்பார்வையாளரின் கையெழுத்தும் வேண்டும். நம்மை யாரும் கட்டாயப்படுத்தாவிட்டாலும் அதே வரிசையில் ஒரு நோட்டு போடுங்கள். 'இடம் பார்த்தேன்' என்று எழுதுவது போதாது. 'அளந்தேன், கிராம அலுவலகத்தில் வகை பார்த்தேன், ஒப்பிட வேண்டிய விற்பனைகளை மூத்தவர் தேர்ந்தெடுத்தார்' என்று பிரித்து எழுதுங்கள்.

உதவியவரின் பெயரை அறிக்கையில் மறைப்பதும் தவறுதான். 2017 விதிகள், மதிப்பீட்டில் பங்குகொண்ட பிற வல்லுநர்கள் யார், என்ன ஆய்வு நடந்தது என்பவற்றை அறிக்கையில் சொல்லக் கேட்கின்றன. தம்பி அளந்திருந்தால் தம்பி அளந்தான் என்றே எழுதலாம்.

விலை ஒப்பீட்டில் எல்லைக் கோட்டை மறந்துவிடுகிறார்கள். கோபாலபுரத்தில் நம் பக்கம் விற்ற மனையை, ஒரு கிலோமீட்டர் தள்ளி அந்தப்பக்கம் இருக்கும் மனைக்கு அப்படியே ஒப்பிடக்கூடாது; சட்டமும் பதிவுச் செலவும் வேறு. இங்கே வழிகாட்டி மதிப்பு, அங்கே நியாய விலை. இரண்டும் முத்திரைத் தீர்வைக்காக அரசு வைத்த எண்கள். சந்தை விலையை விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

தரகரோ கடன் வாங்குபவரோ, 'இவ்வளவு வந்தால் போதும்' என்று பயிற்சி பெறுபவரிடம் ஒரு தொகையைச் சொல்வார்கள். மூத்தவரிடம் சொல்லக் கூசி, அந்தத் தொகைக்கு அருகில் போய் நிற்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். என் அலுவலகத்தில் அப்படி ஒரு பேச்சு வந்தால் தேதியும் நேரமும் போட்டுக் கோப்பிலேயே எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். மறுநாள் அந்த இடத்துக்கு அவனுடன் நானும் போகிறேன்.