வீட்டுப்படம் வரைய எந்த மென்பொருள்? நம்ம வெயிலில் வைத்துப் பாருங்கள்

விளம்பரப் படங்களைப் பார்த்து மென்பொருளைத் தெரிவு செய்யாதீர்கள். ஒரே சின்ன வீட்டை இரண்டு மென்பொருளில் வரைந்து, வன்னி வெயில் அதில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். வீட்டுக்குள் இருக்கப்போகிறவருக்கு அதுதான் முக்கியம்.

1. முதலில் உங்கள் லப்டொப். தனி கிராஃபிக்ஸ் கார்ட் இல்லையென்றால் வீட்டை நிஜம் போலக் காட்டும் லூமியன், ட்வின்மோஷன் என்ற மென்பொருள்கள் இரண்டையும் இப்போதைக்கு விடுங்கள். முப்பரிமாணத்தில் வரையும் ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பு பிரவுசரில் ஓடும். அதற்கு இணைய இணைப்பு வேண்டும். வீட்டுப் பிளான் வரையும் ஸ்வீட் ஹோம் 3டி, எந்த முப்பரிமாண உருவமும் வரையும் பிளெண்டர் இரண்டும் இலவசம், இறக்கியபின் இணையமும் தேவையில்லை. இவற்றிலேயே தொடங்குவோம்.

2. தாளில் கீறிய பிளானைப் போனில் நேராகப் படமெடுத்து, ஸ்வீட் ஹோமில் பின்னணிப் படமாகப் போடுங்கள். அளவு கேட்கும். முன்சுவர் 30 அடி என்றால் அதன் இரு முனைக்கும் கோட்டை இழுத்து, 30 அடி என்று கொடுங்கள். (அலகை முன்பே அடி, அங்குலத்துக்கு மாற்றிவிடுங்கள்; மேசன்மார் அடிக்கணக்கில்தான் பேசுவார்கள்.) அதன்மேல் சுவர்களை வரைந்து, யன்னல், கதவை இழுத்துவிட்டால் அவை சுவரில் தானாகப் பொருந்தும். ஓட்டுக்கூரை போடத்தான் தனிக் கருவி இல்லை. இதன் பெரிய குறை அது.

3. இனி வெயில். பிளானில் இருக்கும் திசைகாட்டியை இரட்டைக் கிளிக் செய்யுங்கள். கிளிநொச்சிக்கு அகலாங்கு 9.4 வடக்கு, நெட்டாங்கு 80.4 கிழக்கு. காணிக்கு ஏற்றபடி வடக்கையும் திருப்புங்கள். அப்புறம் ஸ்வீட் ஹோமின் படமெடுக்கும் பெட்டியில் தரத்தை மேல் இரண்டு நிலைகளில் ஒன்றில் வைத்து, ஜூன் 21, பிற்பகல் 4 மணி என்று கொடுங்கள். மேற்குச் சுவர் முழுக்க வெயில் காய்வது தெரியும்.

வடக்குப் பக்கம் எப்போதும் நிழல் என்று நம்பி அங்கே தாழ்வாரத்தைக் குறைப்பவர்கள் உண்டு. அது தவறு. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி நண்பகல் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். ஜூனில் வடக்கே 14 பாகை சாயும். டிசம்பரில் தெற்கே ஏறக்குறைய 33 பாகை. தேதியை மாற்றி மாற்றிப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

4. கூரைக்கு பிளெண்டர். வீட்டை ஓபிஜே (முப்பரிமாண உருவத்தை வேறு மென்பொருளுக்குக் கொண்டுபோகும் கோப்பு வகை) கோப்பாக ஏற்றுமதி செய்து பிளெண்டரில் திறவுங்கள். ஸ்வீட் ஹோம் சென்டிமீட்டரில் கொடுக்கும், பிளெண்டர் மீட்டராக எடுக்கும். அதனால் பிளெண்டருக்குள் கொண்டுவரும்போதே அளவை 0.01 ஆக்குங்கள், இல்லாவிட்டால் வீடு நூறு மடங்கு பெருத்துவிடும். கூரையை வரைந்து, தாழ்வாரத்தை 2 அடி, 3 அடி என்று நீட்டிப் பாருங்கள். சன் பொசிஷன் என்ற துணைக்கருவியில் அதே அகலாங்கு, நெட்டாங்கு, நேரத்தைக் கொடுத்தால் நிழல் எந்த யன்னல்வரை இறங்குகிறது என்று காட்டும். பிளெண்டரில் படமாக்க ஈவீ, சைக்கிள்ஸ் என்று இரண்டு வழிகள் உண்டு. ஈவீயில் சட்டென்று பார்க்கலாம். சைக்கிள்ஸ் படம் அழகு, ஆனால் சாதாரண லப்டொப்பில் நேரம் எடுக்கும்.

சொந்த வீட்டுக்கு மட்டும் என்றால் ஸ்வீட் ஹோம் போதும், கூரை நிழல் பார்க்க பிளெண்டர். இதைத் தொழிலாக எடுக்கப்போகிற பிள்ளைகள் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளைப் பழகத்தான் வேண்டும். மாணவர்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கும். பிரதேச சபை அனுமதிக்கான வரைபடத்தைப் படவரைஞரிடமே கொடுங்கள். போகும்போது இந்த வெயில் படங்களையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள்.