தொடை வலிக்குக் காரணம் மூட்டு இல்லை

கொழுப்புக்காக அடோர்வாஸ்டாடின் 40 மி.கி. ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறேன், தொந்தரவே இருந்ததில்லை. மனநல மருத்துவர் ஃப்ளுவாக்ஸமின் கொடுத்த பிறகு தொடை வலி ஆரம்பித்தது. கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏற முடியவில்லை. தைலம், கால்சியம் மாத்திரை, முட்டி எக்ஸ்ரே என்று நாட்கள்தான் போயின.

இதில் கவனிக்க வேண்டியது: வலி இரண்டு தொடையிலும் ஒரே அளவு, அதுவும் மூட்டில் இல்லை, சதையில்.

இரண்டு மாத்திரை அட்டைகளையும் ஒன்றாக மருத்துவர் மேசையில் வைத்ததும் விஷயம் பிடிபட்டது. அடோர்வாஸ்டாடினைச் சிதைக்கும் சி.ஒய்.பி.3ஏ4 என்ற ஈரல் நொதியை ஃப்ளுவாக்ஸமின் மந்தமாக்கும்; அதனால் அடோர்வாஸ்டாடின் ரத்தத்தில் கூடி, தசையைப் பாதிக்கும். தசைப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் ரத்தப் பரிசோதனையிலும் அளவு அதிகம். அடோர்வாஸ்டாடினை நிறுத்தி, அளவு இறங்கியதும் கொழுப்புக்கான வேறொரு மாத்திரையான ரோசுவாஸ்டாடின் 10 மி.கி. எழுதினார், அது அந்த நொதியை நம்பி இல்லை. ஃப்ளுவாக்ஸமினைத் தொடவே இல்லை, திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், பதற்றம் வரும். வலி போய்விட்டது, அப்பாடா!

அப்புறம், அந்தப் பரிசோதனைக்கு முந்தைய நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், அதனாலேயே அளவு ஏறும். வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.