கால்பந்தில் வரிசையாக கோல் வாங்கும் அணிக்கு எந்த ஃபார்மேஷன் (ஆட்களை நிறுத்தும் முறை)?

நாலு மேட்ச் தொடர்ந்து தோற்றால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, பின்னால் இன்னொரு ஆளை நிறுத்திவிடலாம் என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். கடைசியாக வாங்கிய பத்து கோல்களை எடுத்துவைத்துக்கொண்டு, பந்து எங்கே பறிபோனது, எந்தப் பக்கமாக உள்ளே வந்தது, அந்த நேரத்தில் உங்கள் ஆட்கள் எங்கே நின்றார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். பாதிக்கு மேல் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் வந்திருந்தால் ஃபார்மேஷனைத் தொடவே வேண்டாம், யார் யாரைப் பிடிப்பது என்பதைப் பயிற்சியில் சரிசெய்தால் போதும்.

நடுவில்தான் ஓட்டை என்றால் (4-4-2, அதாவது பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு பேர் என்று ஆடும் அணிகளுக்கு அடிக்கடி வரும் வியாதி இது, எதிரணி மூன்று மிட்ஃபீல்டர்களோடு வந்தால் மைதானத்தின் மையத்தில் நிற்கும் உங்கள் இருவரும் நாய் படாத பாடு படுவார்கள்) ஒரு ஸ்ட்ரைக்கரைக் குறைத்து 4-1-4-1க்குப் போங்கள். சென்டர் பேக்குகளுக்கு (டிஃபென்ஸின் நடுவில் நிற்பவர்கள்) முன்னால் நிற்கும் அந்த ஒருவர் அலைந்து திரியாமல் இடத்தைக் காப்பவராக இருக்க வேண்டும். 2022 உலகக் கோப்பையில் மொராக்கோவுக்கு மிட்ஃபீல்டர் அம்ராபத் செய்தது இதைத்தான். அரையிறுதிக்கு முந்தைய ஐந்து ஆட்டங்களில் அவர்கள் வாங்கியது ஒரே கோல், அதுவும் சொந்தக் கோல்.

ஓரங்களில் அடி வாங்குகிறீர்களா? அப்போது மூன்று சென்டர் பேக், இரண்டு விங் பேக் (ஓரத்தில் டிஃபென்ஸ், அட்டாக் இரண்டும் செய்பவர்கள்). 2016 செப்டம்பரில் ஆர்சனலிடம் முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கிய செல்சீயை அதன் பயிற்சியாளர் கோன்டே அந்த ஆட்டத்தின் நடுவிலேயே 3-4-3க்கு மாற்றினார். அடுத்த ஆறு லீக் ஆட்டங்களில் ஒரு கோல்கூட விழவில்லை, அந்த சீசன் பட்டமும் அவர்களுக்கே. ஆனால் இதைப் பார்த்து ஆசைப்படுவதற்கு முன், 90 நிமிடமும் மேலே கீழே ஓடக்கூடிய இரண்டு பேர் உங்களிடம் இருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் விங் பேக்குகள் கீழேயே தங்கிவிடுவார்கள், அப்புறம் நீங்கள் ஆடுவது வெறும் ஐந்து பேர் டிஃபென்ஸ், வெளியே அடிக்கும் பந்தெல்லாம் நேராக எதிரணியிடமே போய் மறுபடி வரும். முன்னால் பந்தைப் பிடித்து நிறுத்தத் தெரிந்த ஸ்ட்ரைக்கரும் இல்லையென்றால் கதை முடிந்தது.

இவை எதுவும் பொருந்தாவிட்டால், பழைய 4-4-2வையே நெருக்கிப் பிடித்து ஆடலாம். தன்னம்பிக்கை போன அணிக்கு என் முதல் தேர்வு அதுதான், ஏனென்றால் சொல்லிக்கொடுக்க அதுபோல சுலபமானது வேறில்லை. 2015-16இல் லெஸ்டர் பிரீமியர் லீக் பட்டம் வென்றபோது அதன் சென்டர் பேக்குகளான மோர்கனும் ஹூத்தும் வேகமான ஆட்களே இல்லை. முதுகுக்குப் பின்னால் இடம் விடாமல் கீழே நின்றார்கள், முன்னால் ஓடி அடைக்க மிட்ஃபீல்டர் கான்டே இருந்தார். உங்கள் சென்டர் பேக்குகள் மெதுவானவர்கள் என்றால் டிஃபென்ஸ் கோட்டை அப்படித்தான் இறக்க வேண்டும், கூடவே மிட்ஃபீல்டும் இறங்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருபது மீட்டர் காலியாகக் கிடந்தால் எந்த எண்ணை எழுதி வைத்தும் பயனில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று நாலு ஆட்டமாவது கொடுங்கள். அதுவரை ஸ்கோரை மட்டும் பார்க்காமல், எதிரணி பெனால்ட்டி பாக்ஸுக்குள் இருந்து எத்தனை ஷாட் அடித்தது என்று எண்ணுங்கள். அது குறைந்துகொண்டே வந்தால் தோற்றாலும் மாற்றாதீர்கள்.